எரிசாராயம் தீப்பற்றும் விதம்

சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்தால் எரிசாராயம் கிடைக்கும். இந்தியாவில் 2003-ம் வருஷத்தில் சில ராஜ்யங்களில் பெட்ரோலுடன் நூற்றுக்கு 5 பங்கு கலக்கப்பட்ட இப்பொருள், 2025-ல் 20 பங்காக உயர்ந்தது. ஆகையால் கரும்பு பயிரிடும் சங்க அங்கத்தினர்கள் இதன் குணத்தை அறிந்திருத்தல் அவசியம்.

எந்தத் திரவமும் திரவமாக நின்று எரிவதில்லை. அதனின்று எழும் ஆவியே காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி எரிகிறது. இதில் இரண்டு உஷ்ண நிலைகள் உண்டு. நெருப்பைக் காட்டினால் ஆவி பற்றும் நிலை ஒன்று. நெருப்புக் காட்டாமலே, உஷ்ண மிகுதியால் தானே பற்றும் நிலை மற்றொன்று.

எரிசாராயத்திற்கு முதல் நிலை சுமார் 13 டிகிரி சென்டிகிரேடு. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல். இரண்டாம் நிலையோ இதற்கு நேர்மாறானது. மண்ணெண்ணெய் சுமார் 220 டிகிரியில் தானே பற்றும்; எரிசாராயத்திற்குச் சுமார் 365 டிகிரி வேண்டும். அதாவது, எரிசாராயம் பொறி பட்டால் எளிதில் பற்றும். பொறியின்றி எளிதில் பற்றாது.

அந்த உஷ்ணத்தில் அதன் நுண்துகள்கள் சிதையத் தொடங்குகின்றன. ஒரு சிதைவு மேலும் பல சிதைவுகளைத் தூண்டுவதால் தீ மூளுகிறது. உஷ்ணம் ஏற ஏற, பற்றுவதற்கு முன்னுள்ள தாமதமும் குறைகிறது.

இஞ்சின்களில் இக்குணமே பயனாகிறது. டீசல் இஞ்சினில் பொறி இல்லை. அமுக்கிய காற்றின் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. அங்கே எரிசாராயம் சுலபமாக இணங்காது. பெட்ரோல் இஞ்சினிலோ மின்பொறி உண்டு. பொறிக்கு முன் தானே வெடித்து இஞ்சினைத் தட்டச் செய்யாமலிருப்பது இதன் சிறப்பு. எனினும் எடைக்கு எடை, பெட்ரோல் தரும் உஷ்ணத்தில் ஐந்தில் மூன்று பங்கையே இது தரும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

1. இதன் சுடர் வெளிர்நீலமானது. புகையும் கரியும் அற்பம். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. அணைந்ததெனக் கருதி அடுப்பில் மீண்டும் ஊற்றினால், தீ ஆவி வழியே ஏறிக் கையிலுள்ள டப்பாவைப் பற்றும். அடுப்பு முற்றும் ஆறிய பின்னரே ஊற்றவேண்டும்.

2. நம் நாட்டு வெயிலில் இது எந்நேரமும் ஆவி விடும். மூடியை இறுக அடைத்து, விளக்கிற்கும் அடுப்பிற்கும் தூரத்தில் வைக்கவேண்டும்.

3. எரிசாராயம் நீரில் கலப்பதால், மிகுந்த நீர் அதன் தீயை அணைக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். அவற்றிற்கு மணலே தக்கது. பெட்ரோலுடன் கலந்த எரிசாராயத்திற்கும் மணலையே உபயோகிக்கவேண்டும்.