வீட்டு மராமத்துக்கு எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும்? எக்ஸெல்லில் கணக்குப் போடுவோம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டால் படம் பார்க்க, பாட்டுக் கேட்க, பிள்ளைகள் படிக்க என்றுதான் பதில் வரும். வீட்டில் ஒரு சுவரைப் பூசுவதற்குக் கூடக் கம்ப்யூட்டர் உதவும் என்றால் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை ரூ.21,500.

நான் மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுபவன். எத்தனை பாத்தி, எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு கூலி என்று அளத்துக் கணக்கு முழுவதும் எக்ஸெல்லில்தான் இருக்கும். ஆனால் சொந்த வீட்டு வேலைக்கு மட்டும் மேஸ்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த இரண்டு வரிக் கணக்கை நம்பி இறங்கினேன்.

எங்கள் ஊரில் உப்புக் காற்றுக்குத் தப்பிய வீடே கிடையாது. காற்றில் வரும் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அது உள்ளிருந்து நெம்புவதால் பூச்சு வெடித்து விழுகிறது. அப்படித்தான் 2020ல் அம்மா படுக்கும் அறையின் கூரையிலிருந்து ஒரு முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அம்மா அப்போது சமையலறையில் இருந்தார்.

மேஸ்திரி வந்து பார்த்து, "38,000 ஆகும் அண்ணே, 12 நாளில் முடிச்சிடலாம்" என்றார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தேன். அக்டோபர் 28ம் தேதி வேலை தொடங்கியது. நவம்பர் 14 தீபாவளி. ஆட்கள் ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது மழை. நவம்பர் 25ம் தேதி நள்ளிரவு நிவர் புயல் எங்கள் பக்கமாகவே கரையைக் கடந்தது. அன்று எங்கள் மொட்டை மாடியில் பழைய தளம் பெயர்க்கப்பட்டிருந்தது, புதிது போடவில்லை. அம்மாவைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு, நான் விடியும்வரை வாளியால் தண்ணீர் அள்ளிக் கொண்டிருந்தேன்.

மேஸ்திரி ஏமாற்றினாரா? இல்லை. அவர் சொன்ன சிமெண்ட், மணல், கூலி எல்லாம் ஏறக்குறைய சரியாகவே இருந்தன. சொல்லாமல் விட்டவைதான் என்னைக் கவிழ்த்தன. இதோ பட்டியல்:

முட்டு, சாரம் வாடகை – ரூ.2,800
இடிபாடு அள்ள டிராக்டர் – ரூ.1,800
நல்ல தண்ணீர் டேங்கர் நான்கு – ரூ.3,600
கம்பிக்குத் துரு தடுக்கும் பூச்சு – ரூ.3,400
கூடுதல் கம்பி, வெல்டிங் – ரூ.5,200
கூரைக்குள் ஓடிய ஒயரிங் – ரூ.4,700

கூட்டினால் ரூ.21,500. ஆக மொத்தம் ரூ.59,500. மதிப்பீட்டைவிட நூற்றுக்கு 56க்கும் மேல் அதிகம்! இந்தப் பட்டியலை முதல் நாளே எழுதியிருந்தால் சங்கிலியை அந்த ஆண்டு அடகு வைத்திருக்கவே மாட்டேன். பொறுத்திருப்பேன்.

அடுத்து முன் ஹாலின் முறை வந்தபோது, 2022 அக்டோபரில், முதலில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அதை உங்களுக்கும் சொல்லித் தருகிறேன்.

முதல் ஷீட்: செலவு

எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் கணக்கு ஒன்றுதான். (இங்கே நெட்டு வரிசைகளையும் ஃபங்ஷன்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் அவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.)

முதல் படுக்கை வரிசையில் ஏ1ல் "வேலை", பி1ல் "அளவு", சி1ல் "விலை", டி1ல் "தொகை" என்று தலைப்புகளை அமைக்கவும். டி2 செல்லில் கர்சரை வைத்து =பி2*சி2 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்து டி12 வரை இழுத்து விடுங்கள். பார்முலா எல்லா செல்களுக்கும் பரவிவிடும்.

இனி வேலைகளை ஒவ்வொன்றாக நிரப்புங்கள். ஒரு விதியை மறக்க வேண்டாம்: "கூலியும் சாமானும்" என்று ஒரே வரியில் எழுதக் கூடாது. கொத்தனார் ஒரு வரி, சித்தாள் ஒரு வரி, தண்ணீர் ஒரு வரி. என் ஹாலுக்கு 11 வரிகள் வந்தன. மேலே உள்ள ஆறு "விட்டுப் போனவை"களில் ஒயரிங் தவிர மற்றவற்றை முதலில் எழுதினேன். ஹாலில் ஒயர் சுவரோடுதான் ஓடுகிறது, கூரையில் இல்லை.

தண்ணீருக்குத் தனி வரியா என்று கேட்கலாம். எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 456. உப்புத் தண்ணீரில் கலந்தால் துருவை நாமே காசு கொடுத்து உள்ளே வைப்பது போலத்தான். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கலாம்.

சிமெண்ட் எத்தனை மூட்டை?

இதை மேஸ்திரியிடம் கேட்கும் முன் நீங்களே ஒரு கணக்குப் போட்டு வையுங்கள். என் ஹால் 15 அடிக்கு 12 அடி. அதாவது 180 சதுர அடி. பூச்சின் கனம் 12 மி.மீ. என்றால் ஏறக்குறைய 0.04 அடி.

180 x 0.04 = 7.2 கன அடி ஈரக் கலவை. உலர்ந்த சிமெண்டும் மணலும் கலக்கும்போது அளவு குறையும் என்பதால் 1.3 ஆல் பெருக்கினால் 9.36 கன அடி. ஒன்றுக்கு நான்கு கலவை என்றால் ஐந்தில் ஒரு பங்கு சிமெண்ட், 1.872 கன அடி. ஒரு 50 கிலோ மூட்டை ஏறக்குறைய 1.25 கன அடி. எனவே ஒன்றரை மூட்டை. எம் சாண்ட் ஏழரை கன அடி.

எக்ஸெல்லில் இதையே =ரவுண்டப்(180*0.04*1.3/5/1.25,0) எனக் கொடுத்தால் விடை 2 எனக் கிடைக்கும். கடையில் அரை மூட்டை தர மாட்டார்கள் அல்லவா? மேல் நோக்கி முழு எண்ணாக்குவதுதான் ரவுண்டப் ஃபங்ஷனின் வேலை. காரை ஆழமாகப் பெயர்ந்த இடங்களுக்குக் கனத்தைக் கூட்டித் தனி வரியாகப் போட்டுக் கொள்ளவும்.

விலை வரிசையில் பழைய பில்லைப் பார்த்து எழுத வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டு: சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி இல்லாமல் ரூ.300 உள்ள மூட்டை முன்பு ரூ.384, வரி குறைந்தபின் ரூ.354. மூட்டைக்கு முப்பது ரூபாய் வித்தியாசம். அன்றன்று கடையில் கேட்டு சி வரிசையை மட்டும் மாற்றுங்கள். மற்றவை தானாக மாறிவிடும்.

கடைசியாக டி13ல் =சம்(டி2:டி12) கொடுங்கள். எனக்கு ரூ.58,000 வந்தது. டி14ல் =டி13*20% கொடுங்கள்; இது எதிர்பாராத செலவுக்கு; ரூ.11,600. டி15ல் =டி13+டி14. மொத்தம் ரூ.69,600.

ஏன் 20 சதவீதம்? முன்பு 56 சதவீதம் ஏறியதே என்பீர்கள். அப்போது ஏறியது பெரும்பாலும் எழுதாமல் விட்ட வரிகளால். அவற்றை இப்போது எழுதிவிட்டோம். காரையைக் கொத்திப் பார்க்கும்வரை தெரியாத கம்பிச் சேதத்துக்கும் விலை ஏற்றத்துக்கும்தான் இந்த 20. புதுச் சுவருக்கு இதைவிடக் குறைவாக வைக்கலாம். பழைய கூரைக்குக் குறைக்க வேண்டாம்.

இரண்டாவது ஷீட்: நாட்கள்

இரண்டாவதாக ஒரு ஷீட்டைத் திறந்து கொள்ளுங்கள். "எத்தனை நாள்?" என்று கேட்டால் எந்த மேஸ்திரியும் எல்லாம் நல்லபடியாக நடக்கும் கணக்கைத்தான் சொல்வார். அதனால் மூன்று கேள்வி கேளுங்கள்: எல்லாம் கூடி வந்தால் எத்தனை நாள்? வழக்கமாக எத்தனை? எல்லாம் சொதப்பினால் எத்தனை? இவற்றை பி, சி, டி வரிசைகளில் நிரப்புங்கள். இ2ல் =(பி2+4*சி2+டி2)/6 என்று கொடுங்கள். இது நான் கண்டுபிடித்ததல்ல. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறை. ஏவுகணைக்கு உதவியது என் ஹாலுக்கு உதவாதா?

காரை கொத்துதல்: 2, 3, 7 – விடை 3.5
துரு சுரண்டிக் கம்பி சேர்த்தல்: 2, 4, 9 – விடை 4.5
பூச்சு: 2, 3, 4 – விடை 3

மொத்தம் 11 வேலை நாட்கள். இனி ஜி2ல் தொடக்கத் தேதியைக் கொடுங்கள். 6/2/2023 என்று அடித்தால் சில கம்ப்யூட்டர்கள் அதை ஜூன் 2 என்று எடுத்துக் கொள்ளும். எனவே மாதத்தைப் பிப்ரவரி என்று ஆங்கிலத்தில் எழுத்தாகவே டைப் செய்வது நல்லது.

ஜி3ல் =ஒர்க்டே.இன்ட்ல்(ஜி2,11-1,11) என்று கொடுங்கள். புள்ளிக்குப் பின் ஐ, என், டி, எல் ஆகிய நான்கு எழுத்துகள். கடைசியில் உள்ள 11 "ஞாயிறு மட்டும் விடுமுறை" என்பதற்கான குறியீடு. சாதாரண ஒர்க்டே ஃபங்ஷன் சனிக்கிழமையையும் விடுமுறையாக்கிவிடும். நம் கொத்தனார்களுக்கு அது பொருந்தாது. ஏன் 11-1? தொடங்கும் நாளும் ஒரு வேலை நாள் அல்லவா? அதைக் கழித்து விடுகிறோம். விடை பிப்ரவரி 17. தேதிக்குப் பதிலாக 44974 என்று எண் வந்தால் பயப்பட வேண்டாம். அந்த செல்லில் ரைட் க்ளிக் செய்து பார்மட் செல்ஸ் தேர்ந்தெடுத்து, அதில் டேட் என்பதைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

அடுத்துதான் பலரும் தவறும் இடம். நீராற்றலுக்கு ஆள் கணக்கு இல்லை, ஞாயிறும் இல்லை. அது காலண்டர் கணக்கு. சாம்பல் கலந்த சிமெண்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் என்பது ஐஎஸ் 456 விதி. பூச்சுக்கும் அதையே வைத்துக் கொண்டேன். எனவே ஜி4ல் =ஜி3+10; பிப்ரவரி 27. பெயிண்ட் அடிக்கும் முன் காய ஒரு வாரம்; ஜி5ல் =ஜி4+7; மார்ச் 6. பெயிண்ட் மூன்று வேலை நாள்; ஜி6ல் =ஒர்க்டே.இன்ட்ல்(ஜி5,3,11). விடை மார்ச் 9. இங்கே ஒன்றைக் கழிக்கவில்லை. காரணம், வேலை மறுநாள்தான் தொடங்குகிறது. நீராற்றும் பத்து நாட்களுக்குள் மாடியில் நீர்க்காப்புப் பூச்சை அடித்துவிடலாம். அதற்குத் தனி நாள் சேர்க்க வேண்டியதில்லை.

"இரண்டு வாரத்தில் முடியும்" என்ற வேலை 32 நாள் என்று ஷீட் சொன்னது.

ஊர்க் காலண்டரையும் சேருங்கள்

கம்ப்யூட்டருக்கு நம் ஊர் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. கூரையைத் திறக்கவே கூடாது. மழை விட்டு வெயில் வந்தால் உப்பள வேலை தொடங்கிவிடும். சிமெண்ட் வேலைக்கு நல்ல காலமும் உப்பு வாரும் காலமும் ஒன்றேதான். அப்போது சித்தாளுக்கு அலைய வேண்டும். எனவே "சொதப்பினால்" வரிசையில் ஆள் வராத நாட்களைத் தாராளமாகச் சேர்த்தேன். உங்கள் ஊரில் அது நடவு, அறுவடை, திருவிழா என்று வேறாக இருக்கலாம்.

கடைசியில் என்ன நடந்தது?

2022 அக்டோபரில் என் கையில் இருந்தது ரூ.45,000. ஷீட் காட்டியது ரூ.69,600. முன்பானால் "வேலை ஓடட்டும், பார்த்துக் கொள்ளலாம்" என்று இறங்கியிருப்பேன். இம்முறை ஹாலில் யாரும் உட்காராதபடி கூரையின் கீழ் முட்டுக் கொடுத்துப் பூட்டி வைத்து, பணம் சேரும்வரை காத்திருந்தோம். அந்த டிசம்பர் 9ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. எங்கள் கூரை மூடியே இருந்தது. அம்மா தன் கட்டிலில் தூங்கினார்.

பிப்ரவரி 6ல் தொடங்கிய வேலை மார்ச் 14ல் முடிந்தது. ஷீட் சொன்னதைவிட ஐந்து நாள் தாமதம். செலவு ரூ.64,300. எதிர்பாராத செலவுக்கு வைத்ததில் மிச்சம் ரூ.5,300. அடகுக் கடைப் பக்கம் போகவில்லை.

ஒரு எச்சரிக்கை. கம்பி தேய்ந்து மெலிந்திருந்தாலோ, அறுந்திருந்தாலோ, கூரை தொய்ந்திருந்தாலோ எக்ஸெல்லை மூடிவிட்டு முதலில் ஒரு பொறியாளரை அழையுங்கள். அவருடைய கட்டணத்தையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

வேலை முடிந்ததும் பைலை அழித்துவிட வேண்டாம். இ வரிசையில் "உண்மைச் செலவு" என்று ஒரு தலைப்புக் கொடுத்து, மதிப்பீட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி சேவ் செய்து வையுங்கள். அடுத்த மராமத்துக்கு உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த விலைப்பட்டியல் அதுதான். இன்றே உங்கள் வீட்டில் ஓர் அறையை அளந்து, முதல் ஷீட்டைத் தொடங்கிப் பாருங்களேன்!