ஏலத்தின் கெடுவை நீட்டலாமா?

ஓர் அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏலத்தில் விற்றுக் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்திற்குக் கேட்டார். கூடுதலாகத் தருபவர் உண்டா என்று வினவியதும், இன்னொருவர் இரண்டு திர்ஹம் தந்து வாங்கினார் (அபூதாவூத்). ஆகவே ஏலம் ஆகுமானதே.

இன்று இணையத்திலும் ஏலம் நடக்கிறது. ஜப்பானின் யாஹூ ஏலத்தில், விற்பவர் முன்பே அப்படிக் குறித்திருந்தால், கடைசி 5 நிமிடத்தில் விலை ஏறும்போது கெடு மேலும் 5 நிமிடம் நீளும். இது யாவரும் அறிந்த நிபந்தனை, குற்றமில்லை.

ஆனால் விலை போதவில்லையென்று, அறிவித்த கெடுவை நாமாக இடையில் நீட்டுவது, அதை நம்பிக் கேட்டவருக்குச் செய்யும் வாக்கு மீறல். நீட்டிய நேரத்தில் வேண்டியவரைக் கொண்டு பொய்யாக விலையேற்றுவதோ நபியவர்கள் தடுத்த 'நஜ்ஷ்' ஆகும்.

நாலு காசு குறைந்தாலும் சொன்ன நேரத்தில் முடிப்போம். அதில்தான் பரக்கத். அல்லாஹ் நமக்கு ஹலாலான வருவாயை அருள்வானாக! ஆமீன்.