ரேடியோ காரும் ரயில்வே சிக்னலும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகள் பலரிடம் ரேடியோவால் ஓடும் கார் இருக்கிறது. பிறந்தநாளுக்கு வாங்கிய கார் சில வாரங்களில் பரணுக்குப் போய்விடுவதும் உண்டு. பழுது பார்க்க என்னிடம் வந்த பல கார்களில் கோளாறே இல்லை. கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டருக்குத்தான் சரியான மின்சாரம் கிடைக்கவில்லை.

கம்பியின்றித் தொலைவிலுள்ள பொருளை இயக்குவது கொல்கத்தாவுக்குப் புதிதன்று. 1895-ல் இங்குள்ள டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். 1898-ல் நியூயார்க்கில் டெஸ்லா சிறு படகு ஒன்றை ரேடியோவால் ஓட்டிக் காட்டினார். பிள்ளைகள் கையிலுள்ள பெட்டி அந்த வம்சத்தில் வந்ததுதான்.

மின்சாரம்: பல டிரான்ஸ்மிட்டர்களுக்கு 4 பென்சில் செல்கள் தேவை. சாதாரண செல் ஒன்று 1.5 வோல்ட், நான்கும் சேர்ந்து 6 வோல்ட். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல் 1.2 வோல்ட், நான்குக்கு 4.8 வோல்ட்தான். இது போதுமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய செல்லையும் புதியதையும் கலக்காதீர்கள். பென்சில் செல்லின் அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கடையில் கிடைக்கிறது. அதில் நான்கைப் போட்டால் 14.8 வோல்ட் ஆகிவிடும், கருவி கருகிவிடும். மழைக்காலத்தில் காரை எடுத்து வைக்கும்போது செல்களைக் கழற்றிவிடுங்கள். செல் கசிந்தால் உலோகத் தகடுகள் அரித்துப்போகும்.

இணைத்தல்: பழைய 27 மெகாஹெர்ட்ஸ் வகையில் ஏரியலை முழுவதும் நீட்ட வேண்டும். ஒரே அலைவரிசையில் இரண்டு கார்கள் ஓடினால் ஒன்றையொன்று குழப்பும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் காரையும் டிரான்ஸ்மிட்டரையும் ஒருமுறை இணைத்துவிட்டால் கார் வேறொன்றின் சொல் கேளாது. ஒற்றை வழிப்பாதையில் ஒரு பகுதிக்குரிய டோக்கன் அடுத்த பகுதியில் செல்லாதது போலத்தான் இதுவும்.

திருத்தம்: காரை ஒரு செங்கல்லின் மேல் வைத்துச் சக்கரங்கள் தரையில் படாதபடி செய்யுங்கள். விசையைத் தொடாமலே சக்கரம் சுழன்றால் வேகத்துக்கான டிரிம் குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்பி நிறுத்துங்கள். வலப்பக்கம் திருப்பும்போது இடப்பக்கம் திரும்பினால் ரிவர்ஸ் ஸ்விட்சை மாற்றுங்கள். பிறகு தரையில் ஓட்டிப் பார்த்து, நேராக ஓடாவிட்டால் ஸ்டியரிங் டிரிமைச் சரிசெய்யுங்கள்.

பாதுகாப்பு: எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு கார். அணைக்கும்போது முதலில் கார், பிறகு டிரான்ஸ்மிட்டர். ஏன்? கட்டளை இல்லாத நேரத்தில் சில கார்கள் தாமாகவே பாய்ந்துவிடும். பாய்ந்த காரின் பின்னால் பிள்ளை தெருவுக்கு ஓடும். அங்கே மினிபஸ் வரும்.

ரயில்வேயில் நாங்கள் முதலில் கற்ற பாடம், எது பழுதானாலும் வண்டி நிற்க வேண்டும் என்பது. கம்பி அறுந்தால் கைகாட்டி தானாகவே ஆபத்து நிலைக்குப் போய்விடும். நல்ல ரேடியோ செட்டிலும் இதற்கு ஃபெயில்சேஃப் என்னும் அமைப்பு உண்டு. கையேட்டின்படி அதை நிறுத்தும் நிலையில் பதிவு செய்யுங்கள். பிறகு காரை மீண்டும் செங்கல்லின் மேல் ஏற்றி, சக்கரம் சுழலும்போது டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் வரிசையை மாற்றலாம். சக்கரம் நின்றால் சரி. நிற்காவிட்டால் அந்தக் காரைச் சுவர் சூழ்ந்த மொட்டை மாடியிலோ கூடத்திலோ மட்டும் ஓட்டட்டும்.

இந்தச் சோதனையைப் பெற்றோர் செய்து முடித்துவிடாமல் பிள்ளையையே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் இருந்தால் போதும். ஒருமுறை தன் கையால் செய்த பிள்ளை அந்த வரிசையை மறக்காது.