மென்கை வீரர் கிருஷ்ணன்

டென்னிஸ் என்றதும் வலிய தோளும் இடிபோன்ற அடியும் நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டும் பெரிதும் வாய்க்காத தமிழர் ஒருவர், உலகின் முதல்நிலை வீரர்களை அவர்களுடைய புல்தரையிலேயே தடுமாறச் செய்தார். அவரே இராமநாதன் கிருஷ்ணன்.

1937ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் நாகர்கோவிலில் பிறந்தார். தந்தை டி. கே. இராமநாதனும் டென்னிஸ் ஆட்டக்காரர். மகனுக்கு ஆசிரியரும் அவரே. 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைக் கிருஷ்ணன் வென்றார். அப்பட்டம் பெற்ற முதல் ஆசியர் அவரே. இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர், நான்கே ஆண்டுகளில் விம்பிள்டன் பெரும்பட்டத்தையே பெற்றார் என்றால் அவ்வெற்றியின் மதிப்பு விளங்கும்.

கிருஷ்ணனின் சர்வீஸ் வலிமையற்றது என்று குறை கூறுவர். உண்மைதான். ஆயின் அவர் கையின் நுட்பத்தை இயற்பியல் மாணவர் கண்கொண்டு காணவேண்டும். மட்டையில் பந்து தங்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கு. அதற்குள் கையைத் திருத்த இயலாது. எல்லாம் முன்னரே முடிவாகியிருத்தல் வேண்டும். பந்து வரும் திசையிலேயே மட்டையைச் சிறிது பின்வாங்கவிட்டால் அதன் வேகம் அடங்கி, வலையைக் கடந்ததும் சோர்ந்து விழும். நகரித் தறிக்காரர் இழை அறாமல் இழுக்கும் பதத்தை ஒத்தது அது. இவ்வளவு என்று அளந்து சொல்லித்தர முடியாது.

1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி எய்தினார். 1961 காலிறுதியில், பின்னாளில் இருமுறை அப்பட்டம் வென்ற ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று வீழ்த்தினார். அரையிறுதிகளில் அவரை வென்றவர்கள் முறையே நீல் ஃபிரேசரும் ராட் லேவரும். இருவரும் அவ்வவ்வாண்டின் வாகையர்; இருவரும் இடக்கையர்! இடக்கையரின் வெட்டுச் சர்வீஸ், வலக்கையரின் பின்கைப் பக்கமாக வளைந்து விலகும். 30-40 போன்ற நெருக்கடிப் புள்ளிகள் அப்புறத்திலேயே ஆடப்படுபவை. தோல்விக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 1962இல் நான்காம் தரவரிசை தரப்பட்டும் கணுக்கால் காயத்தால் விலக நேர்ந்தது. 1961க்குப் பின் இந்தியர் எவரும் அங்கே ஒற்றையர் அரையிறுதியை எட்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜாக் கிரேமர் மூன்றாண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாக அழைத்தபோது கிருஷ்ணன் மறுத்தார் என்பர். அந்நாளில் தொழில்முறை ஆட்டக்காரருக்கு விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அடைபட்ட கதவுகள். 1968இல்தான் விம்பிள்டன் அவர்களுக்குத் திறந்தது. மறுத்தது பேதைமை என்பாருக்கு 1966ஆம் ஆண்டுக் கல்கத்தாவைக் காட்டுவேன். பிரேசிலுடன் இந்தியா 2-2 என்று நின்ற வேளை. தாமஸ் காச் இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் முந்தி, நான்காவதிலும் 5-2 என்று முன்னின்றார். அவ்விடத்திலிருந்து கிருஷ்ணன் மீண்டார். அந்த செட்டை 7-5 என்றும் அடுத்ததை 6-2 என்றும் கைப்பற்றினார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குச் சென்றது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. அந்த ஒன்று, ஜெய்தீப் முகர்ஜியுடன் இணைந்து நியூகோம்ப், ரோச் இணையைக் கிருஷ்ணன் வென்ற இரட்டையர் ஆட்டம்.

1961இல் அர்ஜுனா விருதும், 1962இல் பத்மஸ்ரீயும், 1967இல் பத்மபூஷணும் அவரை அடைந்தன. 1979இல் அவர் மகன் ரமேஷும் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். தந்தை வென்று அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.