வீட்டு முகவர் தொழிலும் நம் வணிகரும்



கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் பலருக்குக் கல்லாவில் அமர மனமில்லை. ஆகவே, வேறு தொழில் ஏதும் பார்க்கலாமா என்னும் பேச்சு நம்மவர் கூடும் இடங்களில் எழுவது இயல்பே. அப்பேச்சில் அடிக்கடி அடிபடுவது, வீடு கடைகளை விற்றுக் கொடுக்கும் முகவர் தொழிலாகும். “முதல் போட வேண்டாம், சரக்கு தேங்காது, ஒரு வீடு முடிந்தால் பல ஆயிரம் வெள்ளி” என்று கேள்விப்பட்டு, அதில் இறங்க நினைப்போர் உண்டு.

அவர்கள் நினைப்பதில் தவறில்லை. ஆனால் இறங்குமுன் ஓர் உண்மையை மனத்தில் நிறுத்த வேண்டும். கடைக்காரர் தம் சரக்கைத் தாமே விலை வைத்து விற்று, பணத்தைத் தம் பெட்டியில் போடுகிறார். முகவரோ பிறர் பொருளை, பிறர் விலைக்கு, பிறர் நலத்துக்காக விற்றுத் தருகிறார். அவரிடம் இருப்பது அமானிதம் மட்டுமே. இவ்வேறுபாட்டை உணர்ந்தவருக்கு இத்தொழிலின் சட்டதிட்டங்கள் எளிதில் விளங்கும். உணராதவருக்கு அவை வீண் தொல்லையாகத் தோன்றும். சிங்கப்பூரில் இத்தொழில் நடைபெறும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

1. கடையோரத் தரகு இனி இல்லை

“நானா, உங்கள் பிளாக்கில் வீடு ஏதும் விலைக்கு வருமா?” என்று ஒருவர் கேட்பார். கடைக்காரர் தமக்குத் தெரிந்த மற்றொருவரைக் கைகாட்டுவார். காரியம் முடிந்ததும் இரு தரப்பாரும் மனமுவந்து ஏதோ கொடுப்பர். இது நெடுங்காலப் பழக்கம். இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம்.

2010-ஆம் ஆண்டுச் சொத்து முகவர் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் சி.இ.ஏ. எனப்படும் சொத்து முகவைகள் மன்றம் அமைந்தது. கட்டணம் பெற்றுக்கொண்டு, வாங்குபவரை விற்பவருக்கு அறிமுகம் செய்துவைப்பதும் முகவர் வேலையே என்பது சட்டத்தின் கருத்து. பதிவு பெறாமல் அதைச் செய்வோருக்கு 25,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமமின்றி முகவை நிறுவனமாகவே இயங்கினால் அபராதம் 75,000 வெள்ளி வரையிலும், சிறை 3 ஆண்டு வரையிலும் போகும்.

நட்புக்காக ஒரு வார்த்தை சொல்வது வேறு. அதற்குக் காசு வாங்குவது வேறு. இத்தொழிலில் இறங்க எண்ணமில்லாத கடைக்காரரும் இந்த ஒன்றையேனும் அறிந்திருத்தல் நலம்.

2. நுழையும் வழி

முகவராக விரும்புவோர் 21 வயது நிரம்பியவராகவும், சாதாரண நிலைத் தேர்வில் நான்கு பாடங்களிலேனும் தேர்ச்சி பெற்றவராகவும், அல்லது அதற்கு ஈடான கல்வித் தகுதி உடையவராகவும் இருக்க வேண்டும். மன்றம் ஒப்புக்கொண்ட பயிற்சி நிலையமொன்றில் பாடம் பயின்று, பிறகு இரண்டு தாள்கள் கொண்ட தேர்வில் வெற்றி பெற வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் நடைபெறும். பல ஆண்டுகள் புத்தகத்தைத் தொடாதவர்கள் இதை எளிதாக எண்ணிவிடலாகாது. சட்டம், ஒப்பந்தம், வரி, வீவக விதிகள் ஆகியன அதில் அடங்கும்.

தேர்வு முடிந்ததும் தாமே பலகை மாட்டிக்கொண்டு தொழில் தொடங்க இயலாது. உரிமம் பெற்ற முகவை நிறுவனம் ஒன்றில் சேர வேண்டும். அந்நிறுவனமே அவரைப் பதிவு செய்யும். ஒரே நேரத்தில் ஒரு நிறுவனத்தில் மட்டுமே பதிவு இருக்கலாம். பதிவு எண்ணும் அடையாள அட்டையும் கிடைக்கும். அந்த எண்ணைக் கொண்டு பொதுமக்கள் எவரும் மன்றத்தின் பதிவேட்டில் அவரைச் சரிபார்க்கலாம். பதிவை நிலைநிறுத்திக்கொள்ளத் தொடர்பயிற்சியும் கட்டாயம். குற்றப் பின்னணி, கடன் முறிவு போன்றவையும் ஆராயப்படும். வட்டிக்குக் கடன் கொடுக்கும் உரிமம் வைத்திருப்பவரும், அவரிடம் வேலை செய்பவரும் முகவராக முடியாது.

ஜொகூர் பாலத்துக்கு அப்பால் இந்தப் பதிவு செல்லாது. மலேசியாவில் 1981-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் அமைந்த வாரியமும் தனியே உள்ளன. அங்கே பதிவு பெற்ற முகவர் ஒருவரின் கீழ், இரண்டு நாள் பயிற்சி முடித்துப் பேரம் பேசுநராகப் பணிபுரியும் முறை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த நாட்டில் தொழிலோ, அந்த நாட்டின் பதிவு வேண்டும்.

3. பணத்தைத் தொடாத தொழில்

கடை நடத்தியவருக்கு மிகவும் புதிதாகத் தோன்றும் விதி இதுதான். சிங்கப்பூரில் எந்தச் சொத்தின் விற்பனைப் பணத்தையும், வீவக வீட்டு வாடகைப் பணத்தையும் முகவர் தம் கையால் வாங்கி வைத்துக்கொள்ளலாகாது. வாங்குபவர் தரும் முன்பணம் நேரே வீட்டுக்காரரிடமோ, வழக்கறிஞரிடமோ, உரிய இடத்திலோ போய்ச் சேர வேண்டும். “நான் நாளை வருகிறேன், நீங்களே வாங்கி வையுங்கள்” என்று வீட்டுக்காரரே சொன்னாலும் மறுத்துவிட வேண்டும்.

முகவரின் கட்டணமும் அப்படித்தான். வாடிக்கையாளர் அதை நிறுவனத்தின் பெயரில் செலுத்துவார். நிறுவனம் முகவரின் பங்கைப் பிறகு கொடுக்கும். கைக்குக் கை பணம் வாங்கிப் பழகிய நமக்கு இது கடினமே. ஆயினும் எண்ணிப் பாருங்கள். பிறர் பணம் நம் கையில் தங்காவிட்டால், நம்மீது சந்தேகம் எழவும் இடமில்லை.

4. இரு படகில் கால் வைக்கலாகாது

ஒரே விற்பனையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரே முகவராக இருத்தல் கூடாது. வாடகைக்கும் இதே விதிதான். விலை உயர வேண்டும் என்பது ஒருவர் நலம். விலை தாழ வேண்டும் என்பது மற்றவர் நலம். இரண்டையும் ஒருவர் எவ்வாறு காப்பார்? ஊர்க்காரர், உறவுக்காரர் இருவரும் நம்மிடம் வரும்போதுதான் இவ்விதியின் அருமை தெரியும். ஒருவரை ஏற்றுக்கொண்டு, மற்றவரை வேறு முகவரிடம் அனுப்புவதே முறை.

எந்தப் பக்கம் நிற்கிறோம், கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பவற்றையெல்லாம் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கென மன்றம் வகுத்த ஒப்பந்தப் படிவங்கள் உள்ளன. ஒருவரிடமே விற்பனையை ஒப்படைக்கும் தனி உரிமை ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகலாகாது.

மற்றொன்றும் கவனிக்கற்பாலது. கடையின் பற்று வரவுக் குறிப்பேட்டில் நூற்றுக்கணக்கான தொலைபேசி எண்கள் இருக்கலாம். அவையெல்லாம் வீடு விற்க உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. அழைக்க வேண்டாம் என்று பதிவு செய்துகொண்டவர்களுக்கு, அவர்களின் சம்மதமின்றி விற்பனை அழைப்பு விடுப்பதை 2014 முதல் சட்டம் தடுக்கிறது.

5. வருமானக் கணக்கு

சிங்கப்பூரில் முகவர் கட்டணத்துக்குச் சட்டம் விகிதம் எதுவும் வகுக்கவில்லை. அது பேசி முடிவு செய்வது. ஓர் உதாரணம் பார்ப்போம். 600,000 வெள்ளிக்கு ஒரு வீவக வீடு விற்பனையாகிறது. விற்பவர் 2 விழுக்காடு தர ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டணம் 12,000 வெள்ளி. நிறுவனத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று உடன்பாடு இருந்தால், முகவருக்கு 9,600 வெள்ளி. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாட்களையும் எண்ண வேண்டும். வாங்குபவர் தேர்வுரிமைப் பத்திரம் பெற்ற பின் 21 நாள் அவகாசம் உண்டு. வீவக விண்ணப்பத்தை ஏற்ற பின் ஏறக்குறைய 8 வாரம் ஆகும். அதற்குமுன் வாங்குபவரைத் தேடிய வாரங்கள் வேறு. வேலை தொடங்கிய நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே நாலைந்து மாதம் ஓடிவிடலாம். மாதச் சம்பளம் இல்லை. முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதியும் இல்லை. மெடிசேவ் கணக்குக்கும் வருமான வரிக்கும் தாமே பொறுப்பு. விளம்பரம், போக்குவரத்து, பதிவுக் கட்டணம் எல்லாம் சொந்தச் செலவே.

போட்டியையும் மறக்கலாகாது. இச்சிறு தீவில் பதிவு பெற்ற முகவர்கள் 35,000-க்கு மேல். வீட்டுக்காரர் முகவரின்றித் தாமே விற்பதற்கும் வீவக வழி செய்திருக்கிறது. 2024 மே மாதம் முதல் அதன் இணையத் தளத்திலேயே வீட்டைப் பட்டியலிடலாம். ஆகவே, கதவைத் திறந்து வீட்டைக் காட்டுவதற்கு மட்டும் இனி எவரும் கட்டணம் தரமாட்டார். குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவைச் சேமிப்பில் வைத்துக்கொண்ட பின்னரே கடையைக் குறித்து முடிவெடுப்பது புத்திசாலித்தனம்.

6. நம்மவருக்குக் கைகொடுக்கும் அறிவு

அப்படியானால் கட்டணம் எதற்காகக் கிடைக்கும்? வாடிக்கையாளருக்குத் தெரியாத ஒன்றை அறிந்து, அவரது நஷ்டத்தைத் தடுப்பதற்காக. இரண்டு உதாரணங்கள் காண்போம்.

முதலாவது, 1989-இல் தொடங்கிய இன ஒருங்கிணைப்புக் கொள்கை. வீவக பேட்டைகளில் ஒவ்வோர் இனத்தாருக்கும் வரம்பு உண்டு. இந்தியர், பிற இனத்தார் ஆகியோருக்கு 2010 முதல் வட்டாரத்தில் 12, புளோக்கில் 15 விழுக்காடு. சீனருக்கு 84, 87. மலாய்க்காரருக்கு 22, 25. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், அங்குள்ள தமிழ்க் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் கூட்டம் சுருங்கும்; விலையும் தாழக்கூடும். இதை முதல் நாளே சொல்பவர் நல்ல முகவர். மூன்று மாதம் வீட்டைக் காட்டிவிட்டுச் சொல்பவர் வாடிக்கையாளரின் காலத்தைத் திருடியவர். இந்நிலவரம் மாதந்தோறும் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது.

இங்கே பார்க்கப்படுவது மார்க்கம் அன்று. அடையாள அட்டையில் பதிவான இனமே. தமிழ் முஸ்லிமும் மலாய்க்காரரும் மணம் புரிந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தகைய தம்பதியர் வாங்கும்போது இருவரில் ஒருவரின் இனத்தைத் தெரிவு செய்யலாம். ஆனால் பின்னாளில் விற்கும்போதும் அதே இனமே கணக்கில் கொள்ளப்படும். வாங்கும் நாளிலேயே விற்கும் நாளை நினைக்கச் சொல்வது முகவரின் கடமை.

இரண்டாவது, கடை வாடகை. இதில் வணிகரை மிஞ்சியவர் யார்? முன்பணம் எவ்வளவு, பழுதுபார்ப்பது யார் பொறுப்பு, ஒப்பந்தம் முடியுமுன் வெளியேறினால் என்ன ஆகும் என்பனவெல்லாம் நாம் பட்டறிந்தவை. ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறைக் கடைக் குத்தகைகளுக்கு, நடத்தை விதிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் 2024 பிப்ரவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் வட்டாரங்கள் 1989 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். அங்கே பழைய கடைவீட்டை எடுப்பவர், தாம் எண்ணிய வியாபாரத்துக்கு அவ்விடத்தில் அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். துணிக்கடை இருந்த இடத்தில் உணவகம் வைக்கலாம் என்று ஊகித்து வாடகை கட்டுவது பெருநஷ்டத்துக்கு வழி. இந்த அறிவோடு வரும் முன்னாள் கடைக்காரரைச் சிறு வணிகர்கள் நிச்சயம் தேடி வருவார்கள்.

7. முடிவாக

வாடிக்கையாளரை அறிதல், கணக்கு எழுதுதல், பொறுமை, சொன்ன சொல் தவறாமை ஆகியன கடை நமக்குக் கற்றுத் தந்த செல்வங்கள். இவை முகவர் தொழிலுக்கும் உதவும். விட்டுவிட வேண்டியது ஒன்றே: பேரம் முழுதும் நம் கைக்குள் இருக்க வேண்டும் என்னும் எண்ணம். வீடு என்பது ஒரு குடும்பத்தின் ஆயுட்கால உழைப்பு. அதை நம்மை நம்பி ஒப்படைப்பவரின் முகத்தில், காரியம் முடிந்த பின்னும் தயங்காமல் விழிக்க முடிந்தால், அதுவே இத்தொழிலில் நாம் சேர்க்கும் முதல்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. கடைக்கு வந்த இருவரை அறிமுகப்படுத்தி, வீடு விற்றபின் அன்பளிப்பாக 500 வெள்ளி பெறுவது ஏன் ஆபத்தானது?

2. உங்கள் சகோதரர் விற்கும் வீட்டை உங்கள் நண்பர் வாங்க விரும்புகிறார். முகவராகிய நீங்கள் என்ன செய்வீர்கள்?

3. முதல் கட்டணம் ஐந்து மாதம் கழித்து வருமானால், அதுவரை உங்கள் குடும்பச் செலவுக்கு என்ன ஏற்பாடு?

மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் கணக்கெழுதி விடை கண்ட பின்னர் பயிற்சி நிலையத்துக்குச் செல்லுங்கள்.