படகில் உறங்கிய ஆண்டவர்

கலிலேயாக் கடல் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் ஏறக்குறைய 21 கிலோமீற்றர், அகலம் 13. கடல் மட்டத்திற்கு 200 மீற்றருக்கு மேல் தாழ்ந்த பள்ளத்தில், குன்றுகள் சூழக் கிடக்கிறது. அக்குன்றுகளிடையே குளிர்காற்று சடுதியாய் இறங்கும்போது, அமைதியாயிருந்த நீர் கொஞ்ச நேரத்திற்குள் கொந்தளித்துவிடும். 1986ஆம் ஆண்டு, வறட்சியால் நீர் வற்றிய அதன் கரைச் சேற்றில் ஆண்டவர் காலத்துப் படகொன்று கண்டெடுக்கப்பட்டது. நீளம் சுமார் 8 மீற்றர். அகலமோ இரண்டரை மீற்றரும் இல்லை. அன்பான வாசகரே, இதை மனதிற் கொண்டு மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரம் 35 முதல் 41 வரை வாசியுங்கள்.

படகில் இருந்தவர்கள் கடல் அறியாதவர்களல்லர். இராயப்பர், பெலவேந்திரர், யாகப்பர், அருளப்பர் ஆகிய நால்வரும் மீன்பிடித்துச் சீவித்தவர்கள். வாடையும் சோளகமும் அறிந்த எங்கள் கடற்றொழிலாளர் ஒருவர் இன்று தப்பமாட்டோம் என்று சொன்னால், கரையில் நிற்பவன் அதைக் கேலி பண்ணுவானா? சீடரின் பயம் அனுபவத்தால் வந்த பயம். வட்டிக் கணக்கைப் பார்த்து நித்திரையின்றிப் புரளும் தகப்பனின் பயமும் அப்படியே. அவனைப் பார்த்து விசுவாசமில்லாதவன் என்று சொல்வது நியாயமன்று. பிரசங்க மேடையில் நின்று அதைச் சொல்வது சுலபம். கடன்காரன் படலையில் நிற்கும்போது கேட்பது சுலபமன்று. ஒலிவமலைத் தோட்டத்தில் ஆண்டவரையே திகில் பற்றிக்கொண்டது என்று அதே மாற்கு எழுதுகிறார் (14:33).

அப்படியானால் குறை எங்கே? அவரை எழுப்பும்போது சீடர் சொன்னதைக் கவனியுங்கள். மாற்கு எழுதியபடி அது ஒரு முறைப்பாடு: நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையே இல்லையா என்ற தொனி. மத்தேயு 8ஆம் அதிகாரத்தில் அதே அழைப்பு, காப்பாற்றும்படி கேட்கும் செபமாகிறது. அலையைப் பற்றிப் பயம் சொன்னது உண்மை. ஆண்டவரைப் பற்றி அது சொன்னதே பொய். எங்கள் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. வைத்தியர் நோயின் பெயரைச் சொன்ன அன்று, வெளிநாடு போன மகனிடமிருந்து செய்தி வராத மாதங்களில், நோயையும் தூரத்தையும்விட அதிகமாய் வாட்டுவது ஆண்டவர் எம்மை மறந்தார் என்ற எண்ணமே.

ஆனால் அந்த முறைப்பாட்டிற்கும் அவர் எழுந்தார். மாற்குவில் முதலிற் காற்றை அடக்குகிறார், பிறகே சீடரைக் கடிந்துகொள்கிறார். மத்தேயுவிலோ அலை இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே கேள்வி வருகிறது. எங்களில் அநேகருக்கு வாய்ப்பது இந்த இரண்டாவது விதம்தான்.

அதற்கு உதாரணம் தேடித் தூரம் போகவேண்டாம். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் கத்தோலிக்க குருக்களுக்கு இங்கே இடமில்லை. 1687இல் கோவையிலிருந்து மாறுவேடத்தில் வந்திறங்கிய புனித யோசப் வாஸ் அடிகளார் வந்தவுடனே கடும் நோயில் விழுந்தார். எழுந்தபின் ஒல்லாந்த ஆட்சியை அசைக்க அவர் முயலவில்லை. கழுத்திற் செபமாலையோடு வீடு வீடாய்ப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்பவர் யார் என்று பார்த்தார். 1689 நத்தார்க் காலத்தில் விசுவாசிகள் சுற்றிவளைக்கப்பட்டபோது அவர் தப்பி மறைந்தார். ஒளிந்துகொள்வது விசுவாசக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி மக்கள் ஊரைவிட்டு ஓடியபோதோ, அவர் ஓடாமல் நோயாளர் அருகில் நின்றார்.

இவ்வாரம் ஓரிரவு செபமாலைக்கு முன், வீட்டில் ஒவ்வொருவரும் தத்தம் பயத்தைப் பெயர் சொல்லிச் சொல்லட்டும். பிள்ளைகளையும் பேச விடுங்கள். ஒன்றுமில்லை, சும்மா இரு என்று அடக்காதீர்கள். முறைப்பாடாய் வந்தாலும் வரட்டும். பின்பு மத்தேயு எழுதிய சீடரின் செபத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். படுக்கப்போகுமுன், விடிந்ததும் செய்யவேண்டிய ஒரேயொரு காரியத்தைத் தீர்மானியுங்கள்: யாரிடம் தவணை கேட்பது, எந்த ஆசுப்பத்திரிக்குப் போவது, கூட யார் வருவது என்று.