எருக்குழியும் வேதமும்: திருச்சானூர் இளம் உழவருக்கு

திருச்சானூர்ப் பக்கம் நிலம் எடுத்திருக்கும் இளம் உழவருக்கு,

கிறிஸ்தவ விசுவாசத்தோடு மண்ணில் இறங்குபவர் முதலில் அறிய வேண்டிய பெயர் ஜே.சி. குமரப்பா (1892–1960). தஞ்சாவூரில் பிறந்தவர்; லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் அதையே தொழிலாக நடத்தியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தபோதுதான் இந்திய வறுமைக்கும் பிரிட்டிஷ் வரிக்கும் உள்ள உறவு அவருக்குப் புலப்பட்டது. 1929 மே மாதம் காந்தியைச் சந்தித்தார். கோட்டும் சூட்டும் போயின. கார்னீலியஸ் என்ற பெயர் போய், முன்னோர் பெயரான குமரப்பா திரும்பி வந்தது. 1934 இறுதியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தோன்றியபோது, வார்தாவிலிருந்து அதை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது.

அவருடைய பக்தி கணக்குப்பிள்ளையின் பக்தி. 1934 பீகார் நிலநடுக்க நிவாரணப் பணத்துக்கு அவர்தான் கணக்கு. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளுக்கு இவ்வளவு என்று அவர் அளந்து வைத்திருந்தார். காந்தியும் உடன் வந்தவர்களும் அங்கே வந்து சேர்ந்தபோது, அவர்கள் செலவை நிவாரண நிதி ஏற்காது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். கடுமைதான். ஆனால் ஏழைக்கென்று வந்த காசு காணிக்கைத் தட்டில் விழுந்த காசுக்குச் சமம் என்று நம்பியவருக்கு வேறு வழி இல்லை.

1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்துக்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையும் நடைமுறையும் பற்றியது; மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டையும் படித்த காந்தி அவருக்கு வேதசாஸ்திர டாக்டர் பட்டமும், கிராமத் தொழில் டாக்டர் பட்டமும் தாமாகவே கொடுத்தார். வேடிக்கையாகக் கொடுத்ததுபோல் இருந்தாலும், இரண்டு நூலும் ஒரே வயலில் விளைந்தவை என்பதை அந்தப் பட்டங்கள் சரியாகவே காட்டின.

இரண்டாவது நூல் உயிர்களின் பிழைப்பை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. கொன்று தின்னும் புலி அடியில் இருக்கிறது. நட்டு வளர்க்காமலே பழத்தைப் பறிக்கும் குரங்கு அடுத்தது. பிறகு தானே உழைத்துக் கூடு கட்டும் பறவை, கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ. கூலி கேட்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை உச்சியில். உழவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதற்கு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தைவிடத் தோட்டத்து மூலையில் இருக்கும் எருக்குழி நம்பகமான சாட்சி.

அந்தக் குழிக்கு ஒன்றும் பெரிய வித்தை வேண்டாம். மர நிழலில், மழைநீர் தேங்காத மேட்டில் வெட்ட வேண்டும். கரும்புச் சோகை, மாஞ்சருகு, கடலைக்கொடியில் மாடு கழித்தது, எல்லாம் ஓர் அடுக்கு. அதன்மேல் சாணிக் கரைசல். மேலே ஒரு கை மண். ஒரு வாரம் கழித்துக் கையை உள்ளே விட்டால் சூடு தெரிய வேண்டும். சூடு இல்லையென்றால் ஈரமோ சாணியோ குறைவு. நாற்றம் வந்தால் தண்ணீர் அதிகம், புரட்டிப் போட வேண்டும். கருத்துப் பொலபொலத்து, மழைக்கு முந்திய மண்வாசம் வந்துவிட்டால் வயலுக்குத் தயார். லூக்கா சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில், காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்லும் எஜமானிடம் தோட்டக்காரன் ஒரு வருட அவகாசம் கேட்கிறான். அவன் ஜெபிப்பதாக வாக்குக் கொடுக்கவில்லை. சுற்றிக் கொத்தி எருப் போடுவதாகச் சொல்கிறான். பிரசங்கங்களில் மனந்திரும்புதல் நிறைய வருகிறது, எரு அபூர்வமாகத்தான் வருகிறது.

டிராக்டர் நன்றாக உழும், சாணி போடுமா என்று குமரப்பா கேட்டதாக இயற்கை உழவர்கள் இன்றும் சொல்வார்கள். நிலத்திலிருந்து எடுத்தது நிலத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. சித்தூர்ச் சீமையில் இதைக் கடலையில் பார்க்கலாம். காய் மூட்டையாக மில்லுக்குப் போனால் எண்ணெயோடு புண்ணாக்கும் ஊரைவிட்டுப் போகிறது. பிறகு அதையே காசு கொடுத்து மாட்டுக்கு வாங்க வேண்டும். செக்கு ஊருக்குள் இருந்தால் புண்ணாக்கு மாட்டுக்கும், மாட்டின் சாணி குழிக்கும் வந்துவிடும். குமரப்பாவின் சங்கம் செக்கைச் செப்பனிட மெனக்கெட்டதன் காரணம் பழமைப் பற்று அல்ல, இந்தக் கணக்குத்தான்.

திருச்சானூர் பத்மாவதித் தாயாரின் ஊர். கார்த்திகை பிரம்மோற்சவத்தில் பஞ்சமி தீர்த்தத்தன்று களையெடுக்க ஆள் கிடைக்காது. அதை முன்கூட்டியே தெரிந்து வேலையை மாற்றி வைப்பது பக்கத்துக் காட்டுக்காரருக்குச் செய்யும் மரியாதை. மேல்நாட்டு உடை போட்ட கிறிஸ்தவத்தோடு வாழ்நாள் முழுக்க வழக்காடியவர் குமரப்பா. அவரைப் படித்தவர் வாதம் செய்து அல்ல, சுவர்ணமுகி ஆறு வறண்ட கோடையில் கிணற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுத்தான் தம் மதத்தைச் சொல்வார்.

வார்தா அருகே சேல்டோவில் பண்ணை ஆசிரமம் நடத்திப் பார்த்த குமரப்பா, இரத்த அழுத்தம் வாட்டிய கடைசி ஆண்டுகளில் மதுரை மாவட்டத்து தே.கல்லுப்பட்டிக்கு, காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்தார். அங்கே அவர் குடிசையில் ஓர் ஏழை உழவனின் படம் தொங்கியது. வருகிறவர்களிடம் அவனை, தம் குருவுக்கும் குரு என்று அறிமுகம் செய்வார். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளிலேயே காலமானார்.

இளம் உழவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் தொடங்கலாம். இடப்பக்கம் நிலத்திலிருந்து வெளியே போனது: மூட்டை, கட்டு, கூடை. வலப்பக்கம் நிலத்துக்குத் திரும்பியது: எத்தனை தட்டு எரு, எவ்வளவு புண்ணாக்கு. ஜெபக் குறிப்புக்குத் தனி நோட்டு வேண்டாம்; அதே பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுத இடம் விட்டால் போதும்.